முகம் மறைத்த கிராபிக்ஸ் கார்ட்

மகன், நேற்று நீ போனில் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும்தான். திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டு அலுமாரிக்கு மேலே துணி போர்த்தி வைத்திருந்த பழைய கொம்பியூட்டரை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இப்போது திரை வரவில்லை, கிராபிக்ஸ் கார்ட் செத்துவிட்டது, வேறு எது போடலாம் அம்மா என்று சிரித்துக்கொண்டு கேட்கிறாய். கலியாண மண்டபத்தில் ஓடவிடுவதற்குப் பழைய படங்கள் வேண்டுமாம். உனக்குக் கலியாணம் என்ற நாள் தொட்டு எனக்கு இருந்த சந்தோஷம் அந்தக் கேள்வியோடு எங்கேயோ போய் ஒளித்துக்கொண்டது. போனில் சொன்னால் நீ இடையில் ஏதாவது பகிடி விட்டு என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன் காலத்துக் கார்ட் எதுவும் அந்த மதர்போர்டில் ஏறாது. அதன் ஸ்லொட் வேறு. கடைக்காரன் புதியதைக் காட்டி ஆசை மூட்டுவான், வாங்கிவிடாதே. பழைய சாமான் விற்கிறவர்களிடம் தேடு. பழைய ஸ்லொட்டிலும் இரண்டு வகை உண்டு, பற்களுக்கு நடுவே உள்ள வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து எடு. மாறிப் போட்டால் போர்டே எரியும். மெமரி கூடியது என்று பெரிய கார்டாக வாங்கினால், அந்தப் பெட்டியின் பவர் சப்ளை தாங்காது. பெரிய காற்றாடி வைத்ததும் வேண்டாம். நடுத்தரமான, அடக்கமான ஒன்று போதும். பெண் பார்க்கும்போது நான் சொன்ன அதே புத்திமதிதான், அப்போதும் நீ கேட்கவில்லை, நல்லதாய்த்தான் முடிந்திருக்கிறது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். திரை வந்ததும், படங்கள் இருக்கிற இடத்தில் ‘தனியாக’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட முகங்கள். நான் அறிந்த மட்டில் அவர்களில் ஒருவரும் வீடு திரும்பவில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் உன் அப்பா. அவருடைய படம் ஏன் அந்தக் கூட்டத்தில் கிடக்கிறது என்று நீ அவரிடம் போய்க் கேட்பதற்கு முன், என்னிடமிருந்து தெரிந்துகொள்வதுதான் முறை. அவருக்கு இது தெரியாது.

உனக்கு அப்போது நாலு வயது. சமாதானம் என்று பேசிக்கொண்டிருந்த காலம் முடிந்து, சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. நான் வேலை செய்த ஸ்டூடியோவின் முதலாளி கமராக்களை மட்டும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வெளிநாடு போனார். கொம்பியூட்டரையும் ஸ்கானரையும் பிரிண்டரையும் என்னிடம் விட்டுப் போனார். அவற்றை வீட்டு முன்னறையில் வைத்து நான் தொழில் நடத்தினேன். கமரா இல்லாததால் புதிதாகப் படம் எடுக்க ஏலாது. கொண்டுவருகிற படத்தை ஸ்கான் செய்து பிரதி போட்டுக் கொடுப்பதுதான் வேலை.

இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். கந்தோர் உத்தியோகக்காரர் தங்கள் சின்னப் பாஸ்போட் சைஸ் படத்தைக் கொண்டுவந்து நாலு பிரதி கேட்பார்கள். மற்றவர்கள் அக்கரையிலிருந்து, கட்டைபறிச்சான், இலங்கைத்துறைப் பக்கங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். பொலித்தீன் பையில் சுற்றிய கலியாண அல்பம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முன்னறை வாங்குப் பலகையில் இருப்பார்கள். முறைப்பாடு கொடுக்கப் படம் வேண்டும், ஆனால் காணாமல்போன பிள்ளைக்குத் தனிப்படம் இருக்காது. யாரோ ஒருவருடைய கலியாணத்தில் பின்வரிசையில் நிற்கிற முகம்தான் இருக்கும். நான் அந்தப் படத்தை ஸ்கான் செய்து, அந்த ஒரு முகத்தைத் திரையின் நடுவில் வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெட்டி எடுப்பேன். துறைமுகத்துக்குள் யாரும் நீரடியால் நீந்தி வராமலிருக்க அப்போது நேவிக்காரர் பகலிலும் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னமே உள்ளங்காலுக்கு வந்துவிடும். மேசை லேசாக நடுங்கும், வாங்கில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள்.

அப்படி ஒரு நண்பகலில்தான் முதலில் கண்டேன். இலங்கைத்துறை அம்மா ஒருவருடைய மகன், மீன்பிடிக்கப் போனவன். அவன் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வரும்போது கன்னத்தில் ஒரு சாம்பல் கட்டம் விழுந்தது. பிறகு பக்கத்தில் ஊதாவாய் இன்னொன்று. கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கவே, கண்ணையும் வாயையும் மூடிவிட்டன. சேட்டுக் கொலர் இருந்தது, காது இருந்தது, முகம் இல்லை. வாங்கில் இருந்த அம்மா எழும்பி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறா. எனக்குத் தெரியாது.

“பிள்ளை, அவன்ர முகத்தை ஏன் மூடுறாய்?” என்று கேட்டா.

கார்ட் சூடாகியிருக்கிறது அம்மா, மெசின் பழசு என்று ஏதோ சொன்னேன். பிரிண்ட் போட்டபோது பேப்பரில் முகம் முழுதாக வந்தது. திரையில் இல்லாத முகம் பேப்பரில் சிரித்துக்கொண்டிருந்ததைக் கையில் எடுக்கவே எனக்குக் கூசியது. இரண்டு நாளில் அவன் பிணமாய்க் கரை ஒதுங்கினான் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கே மொனிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன், நான் மட்டும் பார்க்கும்படி.

அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன். கந்தோர்காரரின் முகங்கள் ஒருநாளும் மறையவில்லை. அல்பத்தோடு வந்தவர்களின் முகங்கள்தான் மறைந்தன. மறைந்த முகத்துக்குரிய ஆட்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை. ஒன்று, இரண்டு என்றால் தற்செயல் என்று விடலாம். பத்தைத் தாண்டியதும் எனக்கு அந்த மேசையில் இருக்கவே பயமாக வந்தது. மறைந்தவற்றையெல்லாம் வேறாக ஒரு ஃபோல்டரில் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதே. மற்றப் படங்களோடு கிடந்தால் அவற்றுக்கும் தொற்றிவிடும் என்று நினைத்தேன் போல. படித்தவள், கொம்பியூட்டரைத் திறந்து பூட்டத் தெரிந்தவள், இப்படியெல்லாம் நினைப்பாளா என்று உனக்குத் தோன்றும். நினைத்தேன், மகன். யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் முதல் பிழை.

கார்டை மாற்றினால் எல்லாம் சரி என்று என் புத்தியின் ஒரு பாதி சொல்லிக்கொண்டேயிருந்தது. திருகோணமலையில் அந்த ஸ்லொட்டுக்குப் பொருந்துகிற கார்ட் கிடைக்கவில்லை, கொழும்புக்குத்தான் போக வேண்டும். அப்பா தானே போய் வாங்கி வருகிறேன் என்றார். ஸ்லொட்டின் மேல் கடதாசியை வைத்து, வெட்டு இருக்கிற இடத்தைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுத்தேன். ஊரை விட்டுப் போக ஆமிக்காரர் கொடுக்கிற பயணப் பாஸுக்கு அவருக்குப் புதுப்படம் வேண்டியிருந்தது. வெளியே போய் எடுக்க நேரமில்லை, ஊரடங்கு எப்போது போடுவார்கள் என்றும் தெரியாது. எங்கள் கலியாணப் படத்தில் அவர் நன்றாகத்தானே இருக்கிறார், அதிலிருந்து வெட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

காலை பத்து மணியிருக்கும். அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார், வாளிச் சத்தம் கேட்டது. மாலையும் கழுத்துமாய் நின்ற அவர் முகத்தை நடுவில் வைத்துப் பெரிதாக்கினேன். நெற்றியில் ஒரு சாம்பல் கட்டம் விழுந்தது. பிறகு எல்லாமே போயிற்று. பக்கத்தில் என் பாதிக் கன்னம் அப்படியே இருந்தது, அவர் இருந்த இடத்தில் ஊதாவும் பச்சையுமாய் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. வாளிச் சத்தம் நின்றுவிட்டது. நான் கிணற்றடிக்கு ஓடினேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. அவர் வீட்டுக்குள் வந்ததும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறது, நீங்கள் இந்தக் கிழமை எங்கேயும் போக வேண்டாம் என்று சொன்னேன். நீ நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாய். உன்னைப் பிடித்து வந்து படுக்க வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டேன். என் பொய்யில் உன்னையும் சேர்த்தேன், அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்று மத்தியானம், அப்பாவின் மறைந்த படத்தை அந்த ஃபோல்டருக்குள் நான் போட்டு முடித்த கையோடு, உன் மாமா, என் தம்பி, வந்தான். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. அத்தானுக்கு வசதியில்லையென்றால் நான் போய் வாறன் அக்கா, எனக்குக் கொழும்பில் ஒரு வேலை விண்ணப்பமும் குடுக்க இருக்கு என்றான். நான் உடனே சரி சொல்லவில்லை. இதைத்தான் நான் இத்தனை வருடம் ஒருவருக்கும் சொல்லாதது, கவனமாக வாசி. விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போட் சைஸ் படம் அவன் பொக்கெட்டில் இருந்தது. பாஸுக்குப் பிரதி வேணும்தானே, தா என்று வாங்கினேன். ஸ்கான் செய்தேன். திரையில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன். ஒரு கட்டமும் விழவில்லை, தலையைப் படிய வாரிவிட்டு, கண்ணாடி மாதிரித் தெளிவாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போயிட்டு வா தம்பி, உனக்கு ஒண்டும் வராது” என்றேன்.

அவன் போனான். மூன்றாம் நாள் கார்ட் வந்தது, அவன் வரவில்லை. கம்பியும் சிப்புமாய் இருக்கிற சாமானைத் தமிழ்ப் பெடியன் ஒருவன் பையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடிகளைத் தாண்டுவது ஆபத்து என்று, அங்கே புடைவை எடுக்க வந்திருந்த கிண்ணியா முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் கடை பில்லோடு கொடுத்து அனுப்பியிருந்தான். அந்த நானா சீலைக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து பெட்டியை எடுத்துத் தந்துவிட்டு, தம்பி அடுத்த நாள் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார் என்றார். பெட்டிக்குள் மாமாவின் கையெழுத்தில் ஒரு துண்டு இருந்தது. எனக்கு அது மனப்பாடம்: “அக்கா, கடைக்காரர் சொல்றார், பழைய கார்ட்டில மெமரி ஒரு பக்கம் பழுதாம். சின்னப் படத்துக்கு அந்தப் பக்கம் தேவைப்படாதாம். பெரிசாக்கினாத்தான் அங்க போய் முட்டுமாம். அதாலதான் சில முகம் மறையுது. நீங்க பயப்பட ஒண்டுமில்ல.”

நான் அதை நின்றபடி வாசித்தேன், பிறகு நிலத்தில் இருந்துவிட்டேன். விளங்கியது. தனிப்படம் இல்லாதவர்களின் முகத்தைத்தான் நான் பெரிதாக்கினேன். தனிப்படம் இல்லாத ஏழைப் பெடியன்களைத் தேடித்தான் தாய்மார் அல்பத்தோடு வந்தார்கள். அந்தப் பெடியன்கள், தாய்மார் என் முன்னறைக்கு வருவதற்கு முன்னமே போய்விட்டவர்கள். கார்ட் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, ஒருவரையும் காப்பாற்றவும் இல்லை. அப்பாவை மறைத்தது, சோம்பலில் கலியாணப் படத்திலிருந்து வெட்டப் போன என் வேலை. தம்பியைத் துலக்கமாய்க் காட்டியது, அவன் படத்தின் அளவு. அவனிடம் நான் முகம் மறைவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த நேரம் யோசிக்கக்கூட இல்லை. அடுத்த நாள் பஸ்ஸில் அவன் வந்து இறங்கினால், இந்தப் பைத்தியக்காரக் கதையைச் சொல்லி அவனோடு சிரிப்பதாக இருந்தேன்.

அடுத்த நாள் பஸ் வந்தது. அதற்கடுத்த நாள் பஸ்ஸும் வந்தது. கொழும்பில் அவன் தங்கிய லொட்ஜில் விசாரித்தால், விடிந்ததும் பையோடு புறப்பட்டுவிட்டார் என்றார்கள். அவ்வளவுதான், இன்றுவரை அவ்வளவுதான். அவன் லொட்ஜை விட்டுப் புறப்பட்ட அந்தக் காலையில் நான், புதுக் கார்டை இன்னும் பூட்டாமல், பழைய கார்டோடு யாரோ ஒருவருடைய கடிதம் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தேன். படம் எதுவும் திறந்திருக்கவில்லை. வெறும் வெள்ளைத் திரையின் நடுவில், பாஸ்போட் சைஸ் அளவில் ஒரு சாம்பல் கட்டம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாகவே போயிற்று. அதற்குத் தம்பியின் துண்டில் விளக்கம் இல்லை. சூடு அம்மா என்று நீ சொல்வாய். ஓம், சூடாக இருக்கலாம். அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பிறகு தம்பிக்கும் முறைப்பாட்டுக்குப் படம் போட வேண்டி வந்தது. வாங்கில் இருந்தவர்களின் இடத்தில் இப்போது மாமி, அவன் மனைவி, இருந்தா. புதுக் கார்டைப் பூட்டினேன். முகம் தெளிவாக வந்தது, பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அவ போன பிறகு என்னால் இருக்க முடியவில்லை. இந்தப் புதுக் கார்ட் வாய் திறக்காது, பழையதைக் கேட்போம் என்று மனம் குரங்குத்தனம் பண்ணியது. துண்டை வாசித்து எல்லாம் விளங்கியவள்தான் நான். ஆனாலும் பழையதைத் திரும்பப் பூட்டி, அவன் படத்தைப் போட்டேன். மறையவில்லை. பெரிதாக்கினேன், மறையவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். கன்னத்தில் கட்டம் விழுந்தது, பிறகு தம்பி இல்லை. என் கையாலேயே செய்தேன். அதோடு நின்றிருக்கலாம். உன் படம் ஒன்று இருந்தது, மூன்றாவது பிறந்தநாளுக்கு எடுத்தது. அதையும் போட்டுப் பெரிதாக்கினேன். உன் முகமும் போயிற்று. அடுத்த அறையில் நீ அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தாய், உன் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது, திரையில் உன் சேட்டு மட்டும் இருந்தது. பவரைப் பிடுங்கினேன். அந்தப் பழைய கார்டைக் கழற்றிக் கடலில் போட்டேன். இப்போது உன்னிடம் செத்துக் கிடப்பது மாமா வாங்கியது. அதை எறியாமல் வைத்திரு.

சண்டை முடியும்வரை அதே மேசையில் இருந்துதான் வேலை செய்தேன். ஒன்றும் மறையவில்லை. பிறகு ஒருநாள் கொம்பியூட்டரைத் துணியால் போர்த்தினேன். இன்றைக்கும் போனில் யாருடைய படத்தையும் விரலால் விரித்துப் பார்க்க எனக்கு ஏலாது. உன் பெண்ணின் படத்தை நீ அனுப்பியபோதும் அப்படியேதான் பார்த்தேன். மருமகள் முகத்தை அம்மா வடிவாகப் பார்க்கவில்லை என்று நீ மனத்தாங்கல் பட்டாய் அல்லவா, காரணம் இதுதான். நேரில் பார்த்தேனே, போதாதா.

கலியாணம் முடிக்கப்போகிறவனுக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான். பயம் வந்தால் பயம் என்று அவளிடம் சொல்லிவிடு. அதைக் காய்ச்சல் என்றும் வேலை என்றும் பெயர் மாற்றி வீட்டுக்குள் வைத்திருக்காதே. அன்றைக்கு நான் உன் அப்பாவிடம் கிணற்றடியிலேயே சொல்லியிருந்தால், அவர் என்னைப் பைத்தியம் என்று பேசியிருப்பார், கொழும்புக்குப் போயிருப்பார். அவர் திரும்பி வந்திருப்பாரா என்று தெரியாது. அந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்றுவிடும். உன் அப்பா போயிருக்கலாம் என்றும் என்னால் நினைக்க முடியாது, தம்பி போனது சரி என்றும் நினைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

நீ அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டாய் என்றதும், இனி ஒளிக்க ஏலாது என்று தெரிந்துவிட்டது. இன்று காலை மாமி வீட்டுக்குப் போனேன். கலியாணத்துக்குச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதிரையைத் துடைத்துப் போட்டா. நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாவின் முகம் மறைந்ததை, தம்பியின் படத்தைப் போட்டுப் பார்த்ததை, பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன் என்பதை. உம்முடைய மனிசனை என் மனிசனுக்குப் பதிலாக அனுப்பினனான் என்று சொன்னேன். அவ ஏசுவா என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவ குசினிக்குள் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தா.

“எனக்குத் தெரியும் மச்சாள்” என்றா. “அண்டைக்குப் பின்னேரம் வந்து சொன்னவர். ‘அக்கா கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து நடுங்கினவ, நான் பின் யன்னலுக்கு வெளியில நிண்டு பாத்தனான், அவவுக்குத் தெரியாது. அத்தான்ர மறைஞ்ச முகத்தை, காணாமப்போனவையின்ர படங்களோட தனியா ஒரு இடத்தில போட்டு வச்சிருக்கிறா, அத்தான் போனா அக்கா செத்திடுவா. நான் போறன், கார்டை மாத்தினா அவவின்ர பயமும் போகும், நீ அவவுக்கு ஒண்டும் சொல்லிப் போடாத’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்.”

இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லாத எண்டுதானே சொன்னவர்” என்றா.